நாக்கு சொன்னதும் நான் சொன்னதும்

அபிதகுசாம்பாளைப் பற்றி யாரும் எதுவும் எழுதி வைக்கப் போவதில்லை. எங்கள் தெருவில் இப்போது குடியிருப்பவர்களில் பாதிப் பேருக்கு அவள் பெயரே தெரியாது. ஆரணியில் பட்டு நெய்கிறவனைப் பற்றிப் பேசுவார்கள். பட்டு விற்கிறவனைப் பற்றி அதைவிட அதிகமாகப் பேசுவார்கள். பாவு பிணைக்கிறவளைப் பற்றி யார் பேசுவது? அதனால் நான் எழுதுகிறேன். எழுதுவதற்குத் தகுதி இல்லாத ஆள் நான்தான் என்பதும் எனக்குத் தெரியும். அவள் சாவில் எனக்குப் பங்கு உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு படிக்க வேண்டாம்.

பாவு பிணைப்பது என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தறியில் ஒரு பாவு நெய்து முடிந்தால், அந்தப் பழைய பாவின் கடைசி நுனியை அப்படியே விட்டுவைப்போம். நாலாயிரத்துச் சொச்சம் இழைகள் ஒவ்வொன்றாகத் தறிக்குள் நுழைந்து நிற்கின்றன. அவற்றை மறுபடி கோக்க யாரால் முடியும்? புதுப் பாவின் ஓர் இழையை எடுத்து, பழைய பாவின் ஓர் இழையோடு சேர்த்து, விரல் நுனியில் வைத்து ஒரு முறுக்கு. முடிச்சுக் கிடையாது. வெறும் முறுக்குத்தான். அடுத்த இழை, அடுத்த முறுக்கு. நாலாயிரமும் முடிந்த பிறகு இழுத்தால் புதுப் பாவு பழைய பாவின் பின்னாலேயே தறிக்குள் வந்துவிடும். ஓர் இழை நழுவினாலும் நெய்கிறவனுக்கு அன்றைய பொழுது பேஜார்.

பட்டு இழை விரலில் வழுக்கும். பிணைக்கிறவர்கள் பிடிமானத்துக்காக ஒரு தட்டில் சாம்பல் வைத்துத் தொட்டுக்கொள்வார்கள். அபிதகுசாம்பாள் மட்டும் நாக்கைத் தொட்டுக்கொள்வாள். சாம்பல் பறந்து பாவின் மேல் படிந்து நிறத்தை மங்க வைக்கிறது என்பாள். வெள்ளை, சந்தனம், எலுமிச்சை மாதிரி வெளிர் நிறப் பாவு என்றால் தெருவே அவளைத்தான் கூப்பிடும். கை இழைக்குப் போகும், வாய்க்குப் போகும், மறுபடி இழைக்குப் போகும். பார்த்துக்கொண்டே இருந்தால் நமக்குத் தலை சுற்றும்.

பிணைக்கிற நாட்களில் அவள் இனிப்பைத் தொட மாட்டாள். எச்சில் பிசுபிசுத்துவிடுமாம். காப்பிகூடச் சர்க்கரை இல்லாமல்தான். "கசாயம் குடிக்கிற மூஞ்சியப் பாரு" என்று நான் கேலி செய்வேன். "உன் பாவுக்காகத்தான்டா கசப்பக் குடிக்கிறேன், நன்றி இல்லாதவனே" என்பாள். இன்னொரு வித்தையும் அவளிடம் இருந்தது. முதல் பத்து இழை பிணைப்பதற்குள் அது யார் போட்ட சாயம் என்று சொல்லிவிடுவாள். "இது தணிகாசலம் சாயம், துவர்க்குது. போன வாட்டி போட்டதவிட உப்பு ஜாஸ்தி." சாயக்காரத் தணிகாசலத்திடம் கேட்டால் ஆமாம் என்று தலையைச் சொறிவான். அவள் நாக்கு ஒருநாளும் தப்பியதில்லை.

தேவிகாபுரத்திலிருந்து சிவப்பிரகாசத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். என் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. என்னைவிடப் பத்து வயது மூத்தவள்; நான் அக்கா என்பேன், அவள் புருஷனை மாமா என்பேன். பிள்ளை இல்லை. மாமா நல்ல நெசவுக்காரர்தான், ஆனால் நாற்பது வயதுக்குள் இரண்டு கண்ணிலும் பூ விழுந்து தறியை விட்டு இறங்கிவிட்டார். அதன் பிறகு அந்த வீடு அவள் விரலில்தான் நடந்தது. எந்த வீட்டில் பிணைத்தாலும் பொழுது சாய்வதற்குள் எழுந்துவிடுவாள். வீட்டுக்குப் போய், சீயக்காய் போட்டு முழங்கை வரைக்கும் கழுவி, மாமாவுக்குச் சோறு பிசைந்து தன் கையாலேயே ஊட்டுவாள். சாயக் கை சோற்றில் படக்கூடாது என்பது அவள் கண்டிப்பு. தன் வாயைப் பற்றி அப்படி ஒரு கண்டிப்பு அவளுக்கு இல்லை.

இன்னோர் ஆளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் சாக்கடை தள்ளியவர் காத்தவராயன். அவர் என்று இப்போது எழுதுகிறேன். அப்போது அவன் என்றுதான் சொன்னேன், டேய் என்றுதான் கூப்பிட்டேன். அன்றைக்கு வீட்டுக்குப் பின்னால் எல்லோருக்கும் எடுப்புக் கக்கூஸ்தான். அதை வாருவதும் அவர்தான், சாக்கடையில் இறங்கி அடைப்பு எடுப்பதும் அவர்தான். வெறுங்கால், வெறுங்கை, ஒரு தகரம், ஒரு வாளி. ஆனால் இடுப்பில் ஒரு துணியில் சவுக்காரத் துண்டு கட்டி வைத்திருப்பார். வேலை முடிந்ததும் தெருமுனைப் பம்பில் உட்கார்ந்து, குச்சியால் நகத்தைச் சுரண்டிச் சுரண்டி, மூன்று முறை சவுக்காரம் போட்டுக் கழுவுவார். அதற்குப் பிறகுதான் பீடியைத் தொடுவார். "இன்னாடா, மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்புறியா?" என்று நாங்கள் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். அந்தத் தெருவிலேயே நரகலைப் பற்றித் தெரிந்த ஒரே மனிதர் அவர்தான். நாங்கள் சிரித்தோம்.

எழுபத்தேழாம் வருஷம் கார்த்திகையில் நாலு நாள் விடாத மழை. கமண்டல நாகநதியில் தண்ணீர் பாலத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது என்று ஊரே பார்க்க ஓடியது. நானும் ஓடினேன். என் மனைவி கன்னியம்மாள் முதல் பிரசவத்துக்குப் பெரணமல்லூரில் தாய்வீட்டில் இருந்தாள், வீட்டில் யாரும் இல்லை. காலையில்தான் புதுப் பாவு வந்திருந்தது. கொடுத்தவர் அருணாச்சலம், எங்கள் பட்டுக்கார முதலாளி. சந்தன நிறம். தை மாதம் ஒரு பெண்ணின் முகூர்த்தத்துக்குக் கட்ட வேண்டிய கூரைப் புடவை. அதைத் துணியில் சுற்றித் தறிக்குழி ஓரமாகத் தரையில் வைத்துவிட்டு ஆறு பார்க்கப் போனேன். புத்தி கெட்டவன்.

திரும்பி வந்தபோது தெருச் சாக்கடை எதிர்த்துக்கொண்டு வீட்டுக்குள் வந்திருந்தது. கால் வைத்து நெய்கிற தறிக்குழி நிறைந்து, தரையில் முழங்கால் அளவு நின்றது. அது மழைத் தண்ணீர் இல்லை. அதில் என்ன மிதந்தது என்று எழுத வேண்டியதில்லை, எல்லா வீட்டுப் பின்கட்டும் அதில் இருந்தது. அதில் பாவு மூட்டை ஊறிக் கிடந்தது.

கிணற்றடிக்கு எடுத்துப் போய் இரண்டு தண்ணீர் அலசினேன். மூன்றாவது தண்ணீர் விட்டால் சாயம் போய்விடும் என்று நிறுத்திக்கொண்டேன். தெருவில் தண்ணீர் வடிந்த பிறகு காத்தவராயன் பிளீச்சிங் பவுடர் மூட்டையோடு வந்தார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தெளித்துக்கொண்டே வந்தவர், உள்ளே கயிற்றில் தொங்கிய பாவைப் பார்த்து நின்றார். இந்தப் பவுடர் பட்டில் பட்டால் பட்டு மக்கி உதிர்ந்துவிடும். "உள்ள போடாத, ஜல்தியா போ" என்று விரட்டினேன்.

கன்னியம்மாள் இருந்திருந்தால் அன்றைக்கே அருணாச்சலத்திடம் போய் நடந்ததைச் சொல்லச் சொல்லியிருப்பாள். நான் சொல்லவில்லை. முகூர்த்தப் பட்டில் சாக்கடை பட்டது என்று ஒரு வார்த்தை வெளியே போனால் அந்தப் புடவையை ஒரு பெண்ணும் உடம்பில் சுற்ற மாட்டாள். என் தறிக்கு அப்புறம் யாரும் கூரைப் புடவை கொடுக்க மாட்டார்கள். கூரைப் புடவை நெய்கிறவன் குளிக்காமல் தறி ஏற மாட்டான். வீட்டில் தீட்டு என்றால் அந்த நாட்களில் தறியைத் தொட மாட்டான். அப்படிப்பட்ட தெரு எங்களுடையது. பட்டுக்குத் தீட்டு வந்துவிடும் என்று நான் நடுங்கினேன். அதைத் தொடுகிற மனுஷிக்கு நோய் வந்துவிடுமே என்று ஒரு நிமிஷம்கூட நடுங்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

பாவு காய்ந்ததும் வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டேன். பாவுக்கு அடியில் தணல் சட்டி வைத்துத் தனியாகவும் போட்டேன். மறுநாள் காலை அபிதகுசாம்பாளைக் கூப்பிட்டேன்.

வாசலிலேயே மூக்கை உறிஞ்சினாள். "இன்னாடா, பாவுக்கே பூசை போட்டுகினு இருக்கிறியா?"

"ஈரக்கா. மழையில வீடே ஊறிப் போச்சு, கவிச்சு வாடை."

உட்கார்ந்து பாவை விரித்தாள். இழைகளை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "இது நனைஞ்சிருக்குதே. எங்க நனைஞ்சுது?"

அங்கே சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பாள் என்று நினைக்கிறீர்களா? போயிருக்க மாட்டாள். இரண்டு திட்டுத் திட்டிவிட்டு, சாம்பல் தட்டைக் கொண்டா என்று கேட்டு வாங்கி, சாம்பல் தொட்டுப் பிணைத்திருப்பாள். ஆனால் கிணற்றடியில் நாலு பெண்களிடம் சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயம்.

"கூரை ஒழுகிச்சுக்கா. மழைத் தண்ணி."

சரி என்று தலையாட்டிவிட்டு விரலை நாக்கில் வைத்தாள்.

எங்கள் வீடுகளில் தறி தெரு ஜன்னலை ஒட்டித்தான் இருக்கும், வெளிச்சம் வேண்டுமே. அன்று மத்தியானம் சாக்கடையில் வண்டல் வாரிக்கொண்டிருந்த காத்தவராயன் ஜன்னல் வழியாக அவளைப் பார்த்திருக்கிறார். வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். படி ஏறவில்லை, ஏற நாங்கள் விட்டதும் இல்லை.

"மொதலியாரே, அந்தப் பாவு சாக்கடைத் தண்ணியில நனைஞ்சதுதானே? நீங்க கெணத்தாண்ட அலசிகினு இருந்தப்போ பாத்தேன்."

உள்ளே அவள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தேன். "கத்தாத. அதுக்கு இன்னா இப்போ?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தம்மா விரல வாயில வெக்கிறாங்க. வேணாம்னு சொல்லுங்க. சாம்பல் தொட்டுக்கச் சொல்லுங்க. எந்தம்பி வேடியப்பன் கை கழுவாம ஒரே ஒரு பீடி பிடிச்சான் மொதலியாரே. ரெண்டு நாள்தான் இருந்தான். அதுலேர்ந்துதான் நான் சவுக்காரம் கட்டிகினு திரியறேன்."

"பட்டப் பத்தி நீ எனக்குச் சொல்றியா? போய் சாக்கடையப் பாருடா."

"பட்டப் பத்திச் சொல்லல. அந்தம்மாவப் பத்திச் சொல்றேன்."

நான் கதவைச் சாத்தினேன். உள்ளே வந்ததும் அவள் கேட்டாள்: "யாரு, காத்தவராயனா? இன்னா சொல்றான்?"

"ஒண்ணும் இல்லக்கா. பவுடர் போடட்டுமான்னு கேக்கறான்."

மறுநாள் அவள் இரண்டு மூன்று முறை நாக்கை மேலண்ணத்தில் தட்டிப் பார்த்தாள். முகம் சுளித்தாள். செம்புத் தண்ணீரை எடுத்துக் கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "டேய் சம்மந்தம், இது தணிகாசலம் சாயந்தானே? துவர்ப்பே தெரியல. ஒரு மாதிரி உப்புக் கரிக்குது. நிஜமாவே கூரைத் தண்ணிதானா?"

"படவேட்டம்மா சத்தியமாக்கா."

பிள்ளை பெறப் போயிருந்த மனைவியை வைத்துக்கொண்டு அந்தச் சத்தியத்தைச் செய்தேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து அடுத்த இழையை எடுத்தாள். நனைந்த இழைகள் அங்கங்கே அறுந்து அறுந்து வந்ததால், வழக்கமாக ஒன்றரை நாளில் முடிகிற வேலை மூன்று நாள் இழுத்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் கடைசி இழையை முறுக்கிவிட்டு, "இப்ப ஒரு காப்பி குடுடா, சர்க்கரைய அள்ளிப் போட்டு" என்றாள். போட்டுக் கொடுத்தேன். அவள் என் கையால் வாங்கிக் குடித்த கடைசிக் காப்பி அது.

நாலாம் நாள் விடியும்போது வாந்திபேதி ஆரம்பித்தது. கண் தெரியாத மனுஷன் தடவித் தடவி வெளியே வந்து தெருவைக் கூப்பிட்டார். நானும் இன்னும் இரண்டு பேரும் மாட்டுவண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவ்வளவு சுறுசுறுப்பான விரல்கள் தண்ணீரில் ரொம்ப நேரம் ஊறியவை மாதிரி சுருங்கிப் போயிருந்தன. டாக்டர் ஓடி ஓடித்தான் பார்த்தார், குறை சொல்வதற்கில்லை. "எங்கே தண்ணி குடிச்சாங்க? என்ன வேலை செய்றாங்க? அசுத்தமா எதையாவது தொட்டாங்களா?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், கடைசியாக அவள் வேலை செய்தது என் வீட்டில்தானே. "எதுவும் இல்லைங்க" என்றேன். அடுத்த நாள் மத்தியானம் அவள் போய்விட்டாள். நாற்பத்தொரு வயது.

அந்த வாரம் ஊரில் இன்னும் நாலைந்து வீடுகளில் வாந்திபேதி கண்டது. வெள்ளத்தில் கிணறெல்லாம் கெட்டுவிட்டது என்றார்கள். அவளுக்கும் கிணற்றுத் தண்ணீரால்தான் வந்திருக்கும் என்று நானும் சொல்லிக்கொண்டேன். இருக்கலாம். அந்த ‘இருக்கலாம்’ என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் ஏழு வருஷம் சோறு தின்றேன்.

காரியம் முடிவதற்கு முன்னால் அவள் வீட்டைச் சுற்றிப் பவுடர் போடக் காத்தவராயன் வந்தார். என்னைத் தனியாகப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார். "அந்தம்மாகிட்ட சொன்னீங்களா மொதலியாரே?"

"சொன்னேன்" என்றேன்.

"சொல்லியும் கேக்கலையா. அடப் பாவமே." தலையை ஆட்டிக்கொண்டே வாளியை எடுத்துக்கொண்டு போனார். செத்துப் போனவள் மேலேயே பழியைப் போட்டுவிட்டு நான் அங்கே நின்றேன்.

புடவையை நெய்து முடித்தேன். பிணைத்த இடம் புடவையில் வராது. அந்த நாலு விரல் அகலத்தை நெய்யாமல் விட்டுப் பிறகு அறுத்து எறிந்துவிடுவோம். அவள் மூன்று நாள் வாயில் வைத்து முறுக்கிய நாலாயிரம் முறுக்கும் குப்பைக்குப் போயின. அந்த இடத்தில் சாம்பல் பட்டால்தான் என்ன, மண் பட்டால்தான் என்ன? அருணாச்சலம் புடவையைத் தடவிப் பார்த்து நிறம் அருமை என்றார். தையில் அந்தப் பெண் அதைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள். எனக்கு ஆண் குழந்தை பிறந்தது, நன்றாக இருக்கிறான். சத்தியம் என்னை ஒன்றும் செய்யவில்லை. செய்திருந்தால் ஒருவேளை மனம் ஆறியிருக்கும்.

அவள் போன பிறகு சிவப்பிரகாசம் மாமாவுக்குத் தெருவே முறை வைத்துச் சோறு போட்டது. கன்னியம்மாள் மத்தியானச் சாப்பாட்டை எங்களுடையதாக எடுத்துக்கொண்டாள். நான்தான் கொண்டுபோவேன். அந்த வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் முழங்கை வரை கழுவிக்கொள்வேன். சோற்றைப் பிசைந்து கையில் கொடுத்தால் சாப்பிடுவார். ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று போவேன். ஒவ்வொரு நாளும் வெறும் பாத்திரத்தோடு திரும்பி வருவேன். என் வீட்டில் பிணைக்க வருகிறவர்களுக்கு மட்டும் நானே சாம்பல் தட்டை எடுத்து வைத்துவிடுவேன். நாக்கைத் தொடுகிறவளை வேலைக்கு வைக்க மாட்டேன் என்று ஒரு பெண்ணிடம் சண்டையே போட்டேன். சம்பந்தத்துக்குச் சுத்தப் பைத்தியம் என்று தெருவில் சிரித்தார்கள்.

எண்பத்து நாலாம் வருஷம் ஆடி மாதம். மோர்ச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே மாமா திடீரென்று சிரித்தார்.

"உம்மேல அவளுக்கு எவ்ளோ நம்பிக்கைடா சம்மந்தம். அந்தக் கடைசிப் பாவு பிணைச்சாளே, அப்ப ஒருநா எனக்கு ஊட்டிகினே சொன்னா. ‘நாக்கு ஒண்ணு சொல்லுது, சம்மந்தம் ஒண்ணு சொல்றான்’னா. ‘உன் நாக்கு எப்பவாச்சும் தப்பாச் சொல்லியிருக்குதா, அதையே கேளேன்’னேன். ‘நாக்குக்கு வயசாயிடுச்சு போல. சம்மந்தம் பொய் சொல்ற ஆளு இல்ல’ன்னுட்டா."

என் கையிலிருந்த பாத்திரம் கீழே விழுந்தது. என்ன, என்ன என்று அவர் கையை நீட்டித் துழாவினார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். ஆறு பார்க்கப் போனது, குழியில் மிதந்தது, சாம்பிராணி, காத்தவராயன் வாசலில் நின்றது, படவேட்டம்மா சத்தியம், டாக்டரிடம் வாயை மூடிக்கொண்டது எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அழுததைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஏழு வருஷம் தாமதமாக அழுதவன் அழுகைக்கு மதிப்பு இல்லை.

அவர் கையை உருவிக்கொண்டார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். வாயிலிருந்த சோற்றை மெல்லாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு விழுங்கினார்.

"எத்தினி நாளு பிணைச்சா?"

"மூணு நாளு மாமா."

"மூணு நாளும் நீ பக்கத்துலதான் இருந்தியா?"

"இருந்தேன்."

"ஒவ்வொரு வாட்டியும் வாயில வெக்கிறத பாத்துகினா இருந்தே?"

தலையாட்டினேன். அவருக்குக் கண் தெரியாது, நான் தலையாட்டியதை அவர் பார்த்திருக்க முடியாது. ஆனாலும் அவருக்குத் தெரிந்துவிட்டது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாளிலிருந்து நான் கொண்டுபோன சோற்றை அவர் தொடவில்லை.